ஷார்லட் ஸாலமன்: அகமும் ஓவியமும்

ஷார்லட் ஸாலமன் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய பெயர் ஒரு சாவோடு பிணைந்திருந்தது. 1913ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓரிரவு, பெர்லின் நகரத்து வசதிமிக்க யூதக் குடும்பமொன்றின் இளைய மகள், பதினெட்டே வயது நிரம்பியவள், வீட்டைவிட்டு வெளியேறித் தெருத்தெருவாய் நடந்து, நகரின் ஓரத்திலுள்ள ஷ்லாஹ்டன் ஏரியில் இறங்கி உயிர்விட்டாள். அவள் பெயர் ஷார்லட் குருன்வால்ட். அவளுடைய அக்காள் பிரான்ஸிஸ்கா முதல் உலகப்போரில் தாதியாகப் பணியாற்றியவர். ஆல்பர்ட் ஸாலமன் என்ற அறுவை மருத்துவரை 1916இல் மணந்துகொண்டவர். 1917 ஏப்ரல் 16ஆம் நாள் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, இறந்துபோன தங்கையின் பெயரையே பிரான்ஸிஸ்கா அதற்குச் சூட்டினார். முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நமக்கும் புதிதன்று. ஆனால் அந்தப் பெயருக்குரியவள் எப்படி இறந்தாள் என்பதை அந்த வீட்டில் எவரும் குழந்தையிடம் சொல்லவில்லை.

அடுத்து வந்த சாவையும் அவ்வாறே மறைத்தார்கள். நெடுநாள் மனச்சோர்வில் உழன்றிருந்த பிரான்ஸிஸ்கா 1926 பிப்ரவரியில், தம் பெற்றோர் வீட்டுச் சன்னலிலிருந்து குதித்து மாண்டார். அப்போது ஷார்லட்டுக்கு வயது எட்டு. தாய் இன்புளுவென்சா காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; குழந்தையும் நம்பியது. இறப்பதற்குமுன் தாய் மகளைத் தம் படுக்கைக்கு அழைத்து, வானுலகில் எல்லாம் இங்கிருப்பதைவிட அழகாயிருக்கும் என்றும், தாம் அங்குச் சென்று தேவதையானால் அதைப் பற்றியெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டுவந்து சன்னற்படியில் வைப்பதாகவும் வாக்களித்திருந்தாராம். கடிதம் வந்ததா என்று பார்க்கக் குழந்தை பலமுறை சன்னலுக்குச் சென்று வந்தது. எந்தச் சன்னலைக் குழந்தை நம்பிக்கையோடு பார்த்ததோ அது மரணத்தின் வாயில் என்பதை ஷார்லட் அறிந்துகொள்ள இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

இந்த விவரங்களையெல்லாம் நாம் அறிய முடிவது அவர் வரைந்த ஓவியங்களால்தான். இருபத்து மூன்றாம் வயதுக்கும் இருபத்தைந்தாம் வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரான்சின் தென்கடற்கரையில் அகதியாய் வாழ்ந்தபோது, கோவாஷ் எனப்படும் நீரில் கரைத்துத் தீட்டும் ஒளிபுகா வண்ணத்தால் ஏறத்தாழ 1300 ஓவியங்களை அவர் தீட்டினார். அவற்றிலிருந்து 769 தாள்களைத் தேர்ந்து, எண்ணிட்டு, வரிசைப்படுத்தி, முன்னிகழ்வு, நடுப்பகுதி, பின்னிகழ்வு என மூன்றாகப் பகுத்து, வாழ்வா அல்லது நாடகமா என்று வினாக்குறியோடு தலைப்பிட்டார். ஒவ்வொரு தாளும் 32.5 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். ஏறக்குறையப் பள்ளி மாணவியின் வரைபட ஏட்டின் அளவு. பெரிய சித்திரச்சீலைகளுக்கு அவருக்கு வழியும் இல்லை, இடமும் இல்லை, காலமும் இல்லை.

அத்தாள்களில் பெரும்பாலானவை வீட்டின் உள்ளிடங்கள். படுக்கையறை, உணவறை, பியானோ நிற்கும் கூடம், குழந்தையின் கட்டில், தாழ்வாரம், திரை தொங்கும் சன்னல் என்று அறை அறையாக அவர் தம் பெர்லின் வாழ்க்கையை மீட்டெடுத்தார். அவற்றை அவர் எங்கிருந்து வரைந்தார் என்பதை மனத்தில் கொண்டு பார்க்கவேண்டும். 1939 சனவரியில் அவர் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது ஒரு சிறு பெட்டியோடுதான். கண்முன் அந்த வீடு இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்துவரும் வாய்ப்பும் இல்லை. கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து நோக்குவதுபோல் ஒரே தாளில் வீட்டின் அறைகள் முழுவதையும் காட்டி, ஒவ்வோர் அறையிலும் அதே மனிதர்களை வெவ்வேறு பொழுதுகளில் மீண்டும் மீண்டும் நிறுத்துகிற முறையொன்றை அவர் கைக்கொண்டார். ஒரே பெண் இங்கே அமர்ந்திருக்கிறாள், அங்கே எழுந்து நடக்கிறாள், மற்றோர் அறையில் படுத்திருக்கிறாள். இறந்தகாலம் ஒரு வரிசையில் வந்து நிற்பதில்லை. வீட்டின் எல்லா அறைகளிலும் ஒருசேரக் குடியிருக்கிறது. திரைப்படத்தின் காட்சித் துண்டுகளையும் தேவாலயச் சுவரோவியங்களின் தொடர்கதை முறையையும் கற்றவரின் கை இதில் தெரிகிறது. ஆயினும் இம்முறையைத் தேர்ந்ததற்குக் கலைக்காரணத்தைவிட வலிய காரணம் இருந்தது: ஓர் அறையில் நடந்ததை மற்றோர் அறையிலிருந்தவர்கள் மறைத்த வீடு அது. சுவர்களுக்கு மேலே ஏறி நின்றால்தான் முழுவதையும் காண இயலும்.

தந்தை ஆல்பர்ட் ஸாலமன் தம் துறையில் பெயர் பெற்றவர். மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரே கதிர்கொண்டு கண்டறியும் முயற்சியில் 1913இலேயே முன்னோடி ஆய்வை வெளியிட்டவர். இன்றும் மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் வழங்குகிறது. பணியே உலகமாய்க் கிடந்த அவர், 1930இல் பவுலா லிண்ட்பெர்க் என்ற பாடகியை மறுமணம் செய்துகொண்டார். பவுலா யூத சமயகுரு ஒருவரின் மகள். பாக்கின் சமய இசையையும் ஆப்பரா பாடல்களையும் பாடிப் புகழடைந்தவர். கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்து மகிழ்ந்த, தம்மை ஜெர்மானியராகவே எண்ணி வாழ்ந்த அந்த வீட்டுக்குள் பவுலாவோடு இசையும் வந்தது, யூத மரபின் நினைவும் வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி சிற்றன்னையைப் பித்துப்பிடித்தாற்போல் நேசித்தாள். சிற்றன்னை என்றவுடன் நம் கதைகள் நினைவூட்டும் கொடுமை இங்கே இல்லை. உரிமைகொண்டாடும் பாசமும் ஊடலும் பொறாமையும்தான் அந்த ஓவியங்களில் நிரம்பி வழிகின்றன.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த நாளை வரைந்த தாளில் தெரு முழுதும் பழுப்புநிறச் சட்டைக் கூட்டம். கொடியில் உள்ள சுவஸ்திகம் திசைமாறி வரையப்பட்டிருக்கிறது. தந்தை பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். பவுலா பொதுமேடைகளை இழந்தார். ஷார்லட் பள்ளியிறுதித் தேர்வுக்கு ஓராண்டு இருக்கையில் படிப்பை விட்டார். யூதக் கலைஞர்கள் யூதர்களுக்கு மட்டுமே நிகழ்த்தலாம் என்ற நிலையில் குர்ட் ஸிங்கர் என்பவர் அவ்வாண்டே ஒரு பண்பாட்டுக் கழகத்தை அமைக்க, பவுலா அதில் பாடினார். அதுவரை இன்னதென்று எண்ணிப்பாராத ஓர் அடையாளத்தை அரசாணை அந்தக் குடும்பத்தின்மேல் அச்சடித்தது. யார் என்று கேட்டால் பெர்லின்காரி என்று விடை சொல்லியிருக்கக்கூடிய பெண்ணுக்கு, அந்த விடை இனிச் செல்லாது என்றாகிவிட்டது.

இதற்கிடையிலும் 1936இல் பெர்லின் அரசுக் கலைப்பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது வியப்புக்குரியது. யூத மாணவர்க்கு மிகச் சிறிய ஒதுக்கீடே இருந்தது. போரில் பணியாற்றியவர் மகள் என்ற தகுதி உதவிற்று. சேர்க்கைக் குழுவின் குறிப்பில், இவ்வளவு அடக்கமும் ஒடுக்கமும் உள்ள பெண்ணால் ஆரிய ஆண் மாணவர்களுக்கு ஆபத்து நேராது என்ற பொருளில் எழுதப்பட்டிருந்ததாம். கவர்ச்சியற்றவள் என்பதே அனுமதிச் சீட்டாயிற்று! நவீன ஓவியங்களை இழிகலை என்று பட்டம் சூட்டி 1937இல் மியூனிக் நகரில் அரசே பழித்துக் காட்டிய காலம் அது. பள்ளியில் கற்பிக்கப்பட்டது பழம்போக்கு. ஆனால் தடைசெய்யப்பட்ட கலையை அவர் கண் எங்கோ பருகியிருந்தது என்பதற்குப் பின்னாளைய வண்ணங்களே சான்று. பெயர் மறைத்து நடந்த போட்டியில் அவர் ஓவியம் முதலிடம் பெற்றபோது, வரைந்தவர் யூதர் என்று அறிந்து பரிசு வேறொருவருக்கு மாற்றப்பட்டது. அவர் பள்ளியை விட்டு நின்றார்.

அந்நாள்களில் அவ்வீட்டுக்கு வந்து போனவர்களுள் ஆல்பிரட் வொல்ப்ஸோன் என்ற குரற்பயிற்சியாளரைத் தனியே சொல்லவேண்டும். முதல் போரில் பதுங்குகுழிகளில் சாகும் வீரர்களின் ஓலத்தைக் கேட்டு, பிணங்களுக்கிடையில் கிடந்து மீண்டவர்; அந்த ஓலம் காதைவிட்டு அகலாமல் நோயுற்று, குரலின் வழியே குணமடைய முயன்றவர். பவுலாவுக்குப் பாடம் சொல்ல வந்த இவர், எவரும் பொருட்படுத்தாத மூலையில் வரைந்துகொண்டிருந்த இளம்பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். மனிதன் தன்னைக் கடந்து வெளியேற வேண்டுமானால் முதலில் தன்னுள் இறங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஷார்லட் அவர்மேல் காதல்கொண்டார். நடுப்பகுதியின் நூற்றுக்கணக்கான தாள்களில் அவர் முகமும் பேச்சுமே திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே தாளில் பத்து, இருபது தலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம். வாசகர் சலித்துப்போகும் அளவுக்கு நீள்கிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அந்தச் சலிப்பையும் கேலியையும்கூட ஷார்லட் உணர்ந்தே செய்திருக்கிறார் என்பதற்கு அவருக்கு இட்ட பெயரே சாட்சி: அமாதெயுஸ் டாபர்லோன். மோட்சார்ட்டின் பெயரில் பாதியைக் கொடுத்து, மறுபாதியில் ஒரு கோமாளித்தனத்தை ஒட்டவைத்தார்.

எல்லோருக்கும் அவர் புனைபெயர் இட்டார். பவுலா, மணியோசைபோல் பிம்பாம் ஆனார்; குர்ட் ஸிங்கர், ஸிங்ஸாங் ஆனார்; தாத்தா பாட்டி, கிறீச்சிடும் கதவை நினைவூட்டும் க்னாரெ என்ற பெயரைப் பெற்றனர். தமக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ஷார்லட் கன். கன் என்றால் ஜெர்மன் மொழியில் இயலும் என்று பொருள். தம் கதையை அவர் ஓரிடத்தும் நான் என்று சொல்லாமல் அவள் என்றே சொல்லிச் செல்கிறார். அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்ற மரபை அறிந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமான உத்தியாகத் தோன்றாது. பெயரை விலக்கினால்தான் உள்ளத்தை உள்ளபடி பேச முடியும் என்பதை எங்கோ ஒரு கடற்கரை விடுதியறையில் தனித்திருந்த பெண் தானே கண்டடைந்தாள். தமிழில் அகம் என்ற சொல் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். அவ்விரண்டையும் வெவ்வேறாக வரைய ஷார்லட்டுக்குத் தெரியாது.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதர் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிந்தன. தந்தை கைதாகி ஸாக்ஸன்ஹவுஸன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். பவுலா தமக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் முயன்று அவரை மீட்டபோது உடலால் பாதியாய்ப் போயிருந்தார். மகளை முதலில் வெளியேற்றுவது என்று முடிவாயிற்று. தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் முன்னமே ஜெர்மனியை விட்டுச் சென்று, நீஸ் நகருக்கு அருகிலுள்ள வில்பிரான்ஷில், ஆட்டிலி மூர் என்ற அமெரிக்கச் சீமாட்டியின் எர்மிதாஜ் மாளிகையில் தங்கியிருந்தனர். அவர்களைப் பார்த்துவரும் பாவனையில் ஷார்லட் இரயிலேறினார். பெற்றோர் பின்னர் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினர். மகளைத் திரும்பக் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை.

தென்கடலின் ஒளியும் எலுமிச்சை மரங்களும் நீலவானும் அவரை வரவேற்றன. ஆனால் பழைய இருளும் அவரோடு இடம்பெயர்ந்து வந்திருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் பாட்டி தற்கொலைக்கு முயன்றார். அப்போதுதான் தாத்தா லுட்விக் குருன்வால்ட், அதுவரை மூடிவைத்திருந்ததையெல்லாம் பேத்தியிடம் கொட்டினார். பெயர் தந்த சிற்றன்னை ஏரியில் மூழ்கியவள். தாய் காய்ச்சலில் இறக்கவில்லை. பாட்டியின் பிறந்தகத்தில் தலைமுறை தலைமுறையாய்ப் பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். இருபத்திரண்டு வயதில் ஷார்லட் தாம் யாருடைய வரிசையில் நிற்கிறோம் என்பதை முதன்முதலாக அறிந்தார். பாட்டியின் படுக்கையருகே அமர்ந்து, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் மகிழ்ச்சிப் பாடலைப் பாடி, வெளியே மலரையும் வெயிலையும் பார்க்கச் சொல்லி மன்றாடினார். 1940 மார்ச்சில் பாட்டி சன்னல் வழியே குதித்து இறந்தார். தாயின் சன்னலும் பாட்டியின் சன்னலும் ஓவியங்களில் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன.

அதற்குச் சில மாதங்களில், ஜெர்மன் குடிமக்கள் என்ற காரணத்தால் தாத்தாவையும் பேத்தியையும் பிரெஞ்சு அதிகாரிகள் பிரெனீஸ் மலையடிவாரத்துக் குர்ஸ் முகாமில் அடைத்தனர். ஜெர்மனி அவர்களை யூதர் என்று துரத்திற்று. பிரான்ஸ் ஜெர்மானியர் என்று சிறையிட்டது. முதியவரின் தளர்ச்சியை முன்னிட்டு விடுவிக்கப்பட்டு, இருவரும் நீஸுக்குத் திரும்பினர். தாத்தாவோடு இருந்த நாள்கள் கொடியவை. ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்வது இயற்கையே என்று அவர் சொன்னதையும், நீயும் செத்துத்தொலை என்ற பொருள்பட ஏசியதையும் ஷார்லட் மறைக்காமல் வரைந்திருக்கிறார். பித்தின் விளிம்பில் நின்ற பெண்ணை ஓவியம் தீட்டச் சொன்னவர் ஜார்ஜ் மொரிதிஸ் என்ற உள்ளூர் மருத்துவர். சன்னலிலிருந்து குதிப்பது அல்லது எவரும் செய்யாத பெரும்பணி ஒன்றில் இறங்குவது என்ற இரண்டே வழிகள் தம் முன் இருந்ததாக ஷார்லட் உணர்ந்தார். இரண்டாவதைத் தேர்ந்தார்.

ஸென் ஷான் காப் ஃபெராவில் பெல் அரோர் என்ற சிறு விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். வரையும்போதெல்லாம் அவர் எதையாவது முனகிப் பாடிக்கொண்டே இருந்ததை விடுதிக்காரப் பெண்மணி பின்னாளில் நினைவுகூர்ந்தார். அது வெறும் பொழுதுபோக்குப் பாட்டன்று. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மெட்டை அவர் குறித்திருக்கிறார்: பாக், குளுக், ஷூபர்ட், பிஸேயின் கார்மென், தெருப்பாடல், நாஜி அணிவகுப்புப் பாட்டு. மெட்டு முதலில் வரும்; முனகிக்கொண்டிருக்கையில் சொற்கள் அதில் வந்து அமரும்; பிறகு படம் பிறக்கும். இசைநாடகம் என்று அவர் தம் படைப்பை வகைப்படுத்தியது இதனால்தான். தொடக்கப் பகுதிகளில் படத்தின்மேல் ஒரு மெல்லிய ஒளிபுகு தாளை வைத்து அதில் வசனங்களை எழுதினார். தாளைப் புரட்டினால் அறை தனியே தெரியும். மூடினால் அறையின்மேல் பேச்சு படரும். ஓவியத்துக்கும் எழுத்துக்கும் இடையில் இப்படி ஒரு தோல் இருப்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது. போகப்போகத் தாளும் காலமும் அருகின. எழுத்து ஓவியத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. தாளின் பின்பக்கமும் வீணாகவில்லை. கழித்துப்போட்ட ஓவியங்கள் பல மறுபுறத்தில் இன்றும் காணக்கிடைக்கின்றன.

சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று முதல்வண்ணங்களின் கலப்பிலேயே அத்தனை ஓவியங்களும் எழுந்தன. குழந்தைப்பருவத்து அறைகளில் சுவர்த்தாளின் பூவும் மேசைவிரிப்பின் மடிப்பும் பொறுமையோடு தீட்டப்பட்டுள்ளன. தாத்தா பாட்டி வீட்டின் நீண்டு இருண்ட தாழ்வாரத்தை இரவில் கடக்க அஞ்சும் குழந்தைக்குத் தெரிந்த எலும்புக்கூடுகூட அங்கே இருக்கிறது. பின்னிகழ்வுக்கு வரும்போது அறைகலன்கள் மறைகின்றன, சுவர்கள் மறைகின்றன. சில தூரிகை வீச்சுகளும் பெரிய எழுத்துகளும் மட்டும் எஞ்சுகின்றன. நினைவில் உள்ள வீட்டுக்கு நுணுக்கம் உண்டு. கண்முன் உள்ள அகதி வாழ்வுக்கு அது இல்லை. நாளும் தின்று உறங்கிய இடத்தைவிட, இழந்த இடத்தையே மனம் துல்லியமாய்ப் பேணுகிறது. கடைசித் தாளில் கடலை நோக்கி, பார்வையாளருக்கு முதுகைக் காட்டி அமர்ந்து ஒரு பெண் வரைகிறாள். அவள் கையிலுள்ள தாளின் வழியே கடல் தெரிகிறது. அவள் முதுகில் படைப்பின் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது.

1943 பிப்ரவரியில் தாத்தா இறந்தார். ஷார்லட் மீண்டும் எர்மிதாஜ் மாளிகைக்கு வந்தார். மூர் 1941இலேயே அமெரிக்கா சென்றுவிட்டிருந்தார். அங்கே தங்கியிருந்த அலெக்ஸாண்டர் நாக்லர் என்ற ஆஸ்திரிய அகதியை 1943 சூனில் ஷார்லட் மணந்தார். தம் ஓவியங்களைப் பொதியாகக் கட்டி, இதுவே தம் முழு வாழ்க்கை என்று சொல்லி மருத்துவர் மொரிதிஸிடம் ஒப்படைத்தார். செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் நீஸ் பகுதி ஜெர்மானியர் வசமாயிற்று. அலோய்ஸ் புருன்னர் தலைமையில் யூத வேட்டை தொடங்கியது. கணவனும் மனைவியும் மாளிகையிலேயே பிடிபட்டனர். திரான்ஸி முகாமிலிருந்து அக்டோபர் 7ஆம் நாள் புறப்பட்ட 60ஆம் எண் வண்டித்தொடரில் ஏற்றப்பட்டு 10ஆம் நாள் ஔஷ்விட்ஸ் சேர்ந்தனர். ஷார்லட் அப்போது கருவுற்றிருந்தார். இறங்கிய அன்றே கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் கருத்து. வயது இருபத்தாறு. தன் வரிசையில் முன்சென்ற பெண்களைப்போல் சாக மறுத்து உறுதியாய் நின்றவரை வேறொரு சாவு கொண்டுபோயிற்று.

தந்தையும் சிற்றன்னையும் நெதர்லாந்தில் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து தப்பி, ஒளிந்து வாழ்ந்து உயிர் பிழைத்தனர். 1947இல் மகளின் சுவடு தேடி வில்பிரான்ஷ் வந்தார்கள். மொரிதிஸ் காத்துவைத்திருந்த பொதி அதற்குள் மூரிடம் சேர்ந்திருந்தது. ஷார்லட் அதை மூருக்கே காணிக்கையாக்கியிருந்தார். மூர் அதைப் பெற்றோர்க்கு அளித்தார். பெர்லினில் விட்டு ஓடிவந்த தங்கள் வீட்டின் அறைகள் ஒவ்வொன்றும் அந்தத் தாள்களில் இருந்தன. மகளிடம் தாங்கள் மறைத்ததும் இருந்தது. தங்களிடம் மகள் மறைத்ததும் இருந்தது. 1961இல் ஆம்ஸ்டர்டாமில் முதற்கண்காட்சி நடந்தது. 1963இல் தெரிவுசெய்யப்பட்ட ஓவியங்கள் நூலாயின. 1971இல் முழுப்படைப்பும் அந்நகரின் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டது.

அந்த முதல் நூல் இதனை ஓவிய நாட்குறிப்பு என்று அழைத்தது. ஆன் பிராங்கின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றிருந்த நேரம். வாசகர்கள் இதையும் அதனோடு வைத்துப் படிக்க முற்பட்டது இயல்பே. ஆனால் அந்தப் பெயர் ஷார்லட்டுக்கு நியாயம் செய்யவில்லை. நாட்குறிப்பு அன்றன்று எழுதப்படுவது. இதுவோ முடிந்துபோனதைத் திரும்ப அரங்கேற்றியது. தலைப்பிலுள்ள வினாக்குறியை அழித்துவிட்டால்தான் இதை வெறும் சான்றாவணமாகக் கொள்ள முடியும். வொல்ப்ஸோனுடனான காதலை ஷார்லட் நடந்ததாகவே வரைந்திருக்க, அது அவளுடைய கற்பனை என்று பவுலா சொல்லிவந்தார். ஒருவர் வீட்டில் இருந்து பார்த்தவர்; மற்றவர் கூரையைக் கழற்றிப் பார்த்தவர். யார் சொல்வது மெய் என்று தீர்ப்பளிப்பதைவிட, அந்த ஐயத்தை ஓவியரே தலைப்பில் எழுதிவைத்தார் என்பதைக் கவனிப்பது பயனுடையது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று பின்னர் எழுந்தது. படைப்பின் முடிவில் டாபர்லோனை விளித்து ஷார்லட் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதியைக் குடும்பத்தார் வெளியிடாமல் வைத்திருந்தனர். டச்சுத் திரைப்பட இயக்குநர் ஃபிரான்ஸ் வைஸ் தம் ஆவணப்படம் ஒன்றில் அதை வெளிப்படுத்தினார். 2015இல் பிரெஞ்சுப் பதிப்பொன்றில் கடிதம் முழுதாக அச்சேறியது. தாத்தாவின் உணவில் வெரனால் என்ற நஞ்சைக் கலந்து கொடுத்ததாகவும், அது வேலை செய்துகொண்டிருக்கையில் அவரை வரைந்துகொண்டிருந்ததாகவும் அக்கடிதம் சொல்கிறது. இது நடந்ததா, அல்லது நாடகத்தின் இறுதிக் காட்சியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பலியானவர்கள் களங்கமற்றவர்களாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் கசக்கும். அவற்றை மறைத்தவர்களின் நோக்கம் அன்பாகவே இருக்கலாம். ஆனால் மறைப்பதும் அன்பின் பெயரால்தான் நடக்கிறது என்பதை எட்டு வயதிலிருந்து அறிந்த ஒரு பெண்ணின் கையெழுத்து அது.

ஆல்பர்ட் ஸாலமன் 1976இல் மறைந்தார். பவுலா 2000ஆம் ஆண்டு வரை, நூற்றிரண்டு வயது கடந்து வாழ்ந்தார். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் மகள் தீட்டிய தாள்களில் பிம்பாம் என்ற பாடகி, பியானோவின் பக்கத்தில் எழுந்து நின்று, வாய் திறந்து, என்றும் முடியாத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். கதவோரத்தில் சிறுமியொருத்தி நின்று கேட்கிறாள்.